சூடான நண்டு-இறால் டிப்: மேலே எண்ணெய், அடியில் தண்ணீர்

ஜூன் 3, காலை 10.20 (கேள்வி)

20-ஆம் தேதி வீட்டில் 25 பேருக்கு விருந்து. ரொட்டித் துண்டால் தொட்டுச் சாப்பிடுகிற, ஓவனில் வைத்து எடுக்கும் நண்டு-இறால் டிப் செய்ய ஆசை. போன வாரம் ஒத்திகை பார்த்தேன். எடுத்தபோது பொன்னிறமாக அழகாகத்தான் இருந்தது. கரண்டியை விட்டால் மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் தண்ணீர் நிற்கிறது, இறால் ரப்பர் மாதிரி இழுக்கிறது. போட்டது: கிரீம் சீஸ், மயோனைஸ், செடார் சீஸ், உறைந்த இறால், டப்பா நண்டு. 190 டிகிரியில் 45 நிமிடம். எங்கே தப்பு? முந்தின நாளே கலந்து வைக்கலாமா அக்கா?

ஜூன் 3, இரவு 9.05

45 நிமிடம் என்று படித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. டிப்பில் வேக வேண்டிய பொருள் எதுவுமே இல்லை. எல்லாம் சூடாகி ஒன்றோடொன்று கலந்தால் போதும். செடாரை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் அதிலுள்ள புரதம் இறுகிக்கொண்டே போய், பிடித்து வைத்திருந்த கொழுப்பை வெளியே தள்ளிவிடும். மயோனைஸும் அப்படித்தான். முட்டை மஞ்சள் கட்டிவைத்திருக்கும் எண்ணெய் அது, நெடுநேரம் சூட்டில் இருந்தால் கட்டு விட்டுப்போகும். உங்கள் தட்டில் மிதந்தது இந்த இரண்டும்.

175 டிகிரி, 20 முதல் 25 நிமிடம். ஓரத்தில் குமிழி வந்து, நடுப்பகுதி தொட்டால் சூடாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இறால் ரப்பர் ஆனதற்கு ஒரு வழி: வேகவைக்காமல் பச்சையாகவே நறுக்கிக் கலந்துவிடுங்கள். ஓவனிலேயே பதமாக வெந்துவிடும்.

ஜூன் 3, இரவு 11.40

முந்தின நாளே கலந்து வைப்பது பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். தாராளமாக வைக்கலாம். அதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 4, காலை 7.15

நேற்று எழுதியதில் பாதி தவறு. பச்சை இறாலைப் போடாதீர்கள்.

எண்ணெய்க்குக் காரணம் சொன்னேன், அது சரி. அடியில் நின்ற தண்ணீருக்கு நான் காரணமே சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் அதுதான் மண்டையைக் குடைந்தது. நேரத்தைக் குறைத்தால் எண்ணெய் பிரியாது, ஆனால் தண்ணீர் எப்படியும் வரும், ஏனென்றால் அது இறாலோடும் நண்டோடும் உள்ளே போன தண்ணீர். உறைந்த இறாலின் மேல் காய்ந்துபோகாமல் இருக்கப் பனிப்பூச்சு போட்டிருப்பார்கள். பல பாக்கெட்டுகளில் இறாலையே பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஊறவைத்து நீரை ஏற்றியிருப்பார்கள். பின்பக்கம் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்று இருந்தால் அதுதான். சூடு பட்டால் அந்த நீர் எங்கே போகும்? டிப்புக்குள்தான். பச்சையாகப் போட்டால் இன்னும் கூடுதலாக விடும்.

ஜூன் 4, மதியம் 1.30

சந்தேகம் வந்தால் அளந்து பார்த்துவிடுவது என் வழக்கம். வீட்டிலிருந்த உறைந்த இறால் பாக்கெட், மேலே 500 கிராம் என்று போட்டிருந்தது. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வடிதட்டின் மேல் உருகவிட்டு, துடைத்து நிறுத்தால் 415 கிராம். காய்ந்த வாணலியில் ஒரே ஒரு நிமிடம் புரட்டி எடுத்துத் திரும்ப நிறுத்தேன். 350.

150 கிராம் தண்ணீர்! முக்கால் டம்ளர். அதைத் தெரிந்தே யாராவது டிப்பில் ஊற்றுவோமா? தெரியாமல் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 4, இரவு 10.10

ஒரு பழைய வலியைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் அண்ணனின் பணி ஓய்வு விருந்துக்கு இதே டிப்பைச் செய்துகொண்டு போனேன். பெரிய கண்ணாடித் தட்டு நிறைய. முதல் பத்துப் பேர் எடுத்தவரை பிரமாதம். அதன் பிறகு தட்டின் ஒரு மூலையில் வெளிறிய நீர் தேங்க ஆரம்பித்தது. எடுக்க எடுக்க அந்தக் குளம் பெரிதானது. ரொட்டித் துண்டை விட்டால் சொட்டச் சொட்ட வருகிறது. அண்ணி ஒன்றும் சொல்லாமல் ஒரு கரண்டியைக் கொண்டுவந்து அந்த நீரை மொண்டு மொண்டு வெளியே எடுத்தார். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அரைத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. அந்த நாளிலிருந்துதான் இந்த டிப்பை விடாமல் செய்து பார்க்கிறேன்.

ஜூன் 6, மாலை 5.00

இறாலை வாணலியில் புரட்டி நீரை எடுத்துவிடச் சொன்னேன். நீங்கள் “அந்தத் தண்ணீரோடு ருசியும் போய்விடாதா?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் முதலில் அந்த நீரைக் கொட்டித்தான் வந்தேன். டிப் கெட்டியாக வரும், ஆனால் வாயில் வைத்தால் சீஸ் வாசனைதான் முன்னால் நிற்கும், கடல் வாசனை எங்கேயோ தூரத்தில் இருக்கும்.

இப்போது செய்வது இது. வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒரு தேக்கரண்டி வெண்ணெய், உடனே இறால். ஒரே அடுக்காகப் பரவ வேண்டும், குவியக் கூடாது. ஒரு பக்கம் 30 விநாடி, மறுபக்கம் 30 விநாடி. வெளியே இளஞ்சிவப்பாகி நடுவில் இன்னும் கொஞ்சம் கண்ணாடி மாதிரி தெரியும்போதே வடிதட்டுக்கு மாற்றி, கீழே ஒரு கிண்ணம் வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கிண்ணத்தில் நீர் சேரும். அதைத் திரும்ப அதே வாணலியில் ஊற்றி, அடிப்பிடித்ததையும் சுரண்டிவிட்டுச் சுண்ட விடுங்கள். முதலில் சாம்பல் நிற நுரை வரும். பிறகு குமிழிகள் பெரிதாகிச் சோம்பலாக வெடிக்கும். கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து மூட வேண்டும். அங்கே நிறுத்துங்கள். ஆரஞ்சு நிறத்தில், பாகு போல, இரண்டு தேக்கரண்டிதான் மிஞ்சும்.

அந்த இரண்டு தேக்கரண்டியில்தான் இறாலே இருக்கிறது. ஆறியதும் கிரீம் சீஸில் கலந்துவிடுங்கள். நீர் வெளியே, ருசி உள்ளே.

உப்பு மட்டும் கடைசி வரை போட வேண்டாம். சுண்டிய சாறு, சீஸ், டப்பா நண்டு எல்லாமே உப்பு. நான் பெரும்பாலும் போடுவதே இல்லை.

ஜூன் 6, மாலை 5.25

பாதி வெந்த இறால் என்பதால், கலவையை ஓவனுக்கு முன் ருசி பார்ப்பதாக இருந்தால் இறாலைச் சேர்ப்பதற்கு முன்பே பாருங்கள். மேலே எழுதும்போது விட்டுவிட்டேன்.

ஜூன் 9, இரவு 8.45

நண்டு. டப்பா நண்டை அப்படியே கவிழ்க்காதீர்கள். மெல்லிய பருத்தித் துணியில் கொட்டி, முடிச்சாகச் சேர்த்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மெதுவாக அழுத்துங்கள். முறுக்கிப் பிழிந்தால் சதை நாராகப் பிய்ந்துவிடும். நீர் சொட்டுவது நின்றதும் விட்டுவிட வேண்டும்.

ஓடு பொறுக்கும் வேலைக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி எவர்சில்வர் தட்டு. சதையைச் சிட்டிகை சிட்டிகையாகத் தட்டில் உதிர்த்தால் சதை சத்தமில்லாமல் விழும், ஓட்டுத் துண்டு ‘டிக்’ என்று விழும். கண்ணுக்குத் தப்பியது காதில் மாட்டும். டிவியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

எந்த நண்டு வாங்குவது என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். ஜம்போ லம்ப் என்று வருவது, நண்டின் நீந்தும் கால்களை இயக்கும் இரண்டு பெரிய தசை. முழுசாக, வெள்ளையாக இருக்கும். அதைச் சீஸுக்குள் புதைப்பது வீண். டிப்புக்குக் கொடுக்குச் சதைதான் சரி. கொஞ்சம் பழுப்பாக, நாராக இருக்கும், ஆனால் வாசனை தூக்கலாக இருப்பதால் சீஸோடு போட்டி போட்டு நிற்கும். விலையும் குறைவு.

ஜூன் 10, காலை 6.50

நண்டு டப்பாவைப் பற்றி இன்னொன்று. ஒருமுறை சதைக்குள் கண்ணாடிச் சில்லு போல ஒன்று அகப்பட்டது. பயந்துபோய் மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டேன். அது கண்ணாடி இல்லையாம். ஸ்ட்ருவைட் என்கிற படிகம், மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட். மீன், நண்டு, இறால் டப்பாக்களில் அவற்றின் தாது உப்புகளிலிருந்து தானாக உருவாவது, தீங்கில்லாதது. சந்தேகம் இருந்தால் சூடான வினிகரில் சில நிமிடம் போட்டுப் பாருங்கள். படிகம் கரையும், கண்ணாடி கரையாது. கரையவில்லை என்றால் அந்த டப்பாவைத் தொடாதீர்கள்.

ஜூன் 10, இரவு 9.30

செயற்கை நண்டுக் குச்சி போடலாமா என்ற கேள்விக்கு: போடலாம், டிப் நன்றாகவே இருக்கும், நீரும் அதிகம் விடாது. ஆனால் “அதில் நண்டு இல்லை, அதனால் நண்டு ஒவ்வாதவரும் சாப்பிடலாம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆபத்து. பெரும்பாலும் அலாஸ்கா பொல்லாக் மீன் சதையை அரைத்து, மாவுச்சத்தும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது. வாசனைக்கு நண்டுச் சாறு சேர்ப்பதும் உண்டு, கோதுமையும் இருக்கலாம். அட்டையைப் படிக்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஒவ்வாமை விஷயத்தில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். இறால், நண்டு ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாகிற டிரோபோமயோசின் என்கிற புரதம் சூட்டில் அழியாது. நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கவே கூடாது. விருந்துக்கு முன்னால் 25 பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டிப்பின் பக்கத்தில் ‘நண்டு, இறால்’ என்று பெரிதாக எழுதி வையுங்கள், ஏனென்றால் மேலே சீஸ் மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவே முடியாது. வூஸ்டர் சாஸ் சேர்த்தால் அதில் நெத்திலி மீன் உண்டு, அதையும் எழுதுங்கள். கரண்டி இந்தத் தட்டை விட்டு வேறு தட்டுக்குப் போகக் கூடாது. என் தோழி ஒருத்தி, காளான் டிப்பில் யாரோ போட்டுவிட்டுப் போன கரண்டியால் உதடு வீங்கி ஆஸ்பத்திரி வரை போய் வந்தாள். அவள் இறாலைத் தொடக்கூட இல்லை.

ஜூன் 13, மதியம் 12.15

கிரீம் சீஸ் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லையே! தண்ணீரின் இன்னொரு வாசல் அது. கட்டியாக வருவதை வாங்குங்கள், டப்பாவில் ரொட்டிக்குத் தடவ வருவதை வேண்டாம். அமெரிக்க விதிப்படி கிரீம் சீஸ் என்று பெயர் போட வேண்டுமானால் குறைந்தது 33 சதவீதம் கொழுப்பும், அதிகபட்சம் 55 சதவீதம் ஈரமும்தான் இருக்கலாம். தடவுவதற்கு வரும் வகைகள் இளக்கமாக இருப்பதற்காகவே ஈரம் கூடுதலாக வைத்துச் செய்தவை. கொழுப்பு குறைத்த வகையும் அப்படியே.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரமாவது வெளியே இருக்கட்டும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். குளிர்ந்த கட்டியைக் கலந்தால் வெள்ளை உருண்டைகள் நிற்கும், அவை ஓவனிலும் கரையாது.

ஜூன் 13, மதியம் 12.50

செடார். முதல் நாள் நேரத்தை மட்டும் குறை சொன்னேன். நேரத்தைக் குறைத்தாலும் நன்கு முதிர்ந்த செடார் எண்ணெய் விடும். முதிர முதிர அதன் புரதக் கட்டு சிதைந்துபோயிருக்கும், கொழுப்பைத் தாங்காது. இளசான செடார், இல்லாவிட்டால் மான்டரே ஜாக் நன்றாக இளகும். முதிர்ந்ததன் காரம் வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு மட்டும். துருவியதும் ஒரு தேக்கரண்டி சோளமாவைத் தூவிப் புரட்டுங்கள். மாவுச்சத்து நடுவில் புகுந்துகொண்டு கொழுப்பும் புரதமும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும். கலவைக்குள் பாதிக்கு மேல். மிச்சத்தை மேலே தூவுவது ஓவனில் வைக்கும்போது அல்ல, கடைசி எட்டு நிமிடத்தில்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டுத் தட்டு ஆனது.

ஜூன் 14, இரவு 10.00

மசாலா பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுத ஆசை. நண்டு டிப் என்றாலே அமெரிக்காவில் மேரிலாந்தைச் சொல்வார்கள், செசபீக் விரிகுடாவின் நீல நண்டு. அதோடு ஒட்டிப் பிறந்த மசாலா ஓல்ட் பே. 1939-இல் அதே மேரிலாந்தின் பால்டிமோரில் குஸ்டாவ் புருன் என்பவர் உருவாக்கியது. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். செலரி உப்பு, மிளகு, சிவப்பு மிளகாய், பாப்ரிகா இவைதான் முன்னால் தெரியும் வாசனைகள். அது கிடைக்காவிட்டால் செலரி உப்பும் பாப்ரிகாவும் கொஞ்சம் மிளகாய்த்தூளும் போதும். ஊர் விட்டு ஊர் வந்த ஒரு மனிதர் கலந்த பொடி அந்த ஊர் நண்டின் வாசனையாகவே மாறிவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழும்.

பச்சைப் பூண்டை நசுக்கிப் போடாதீர்கள். 20 நிமிடத்தில் அதன் காட்டம் அடங்காது, மறுநாள் இன்னும் ஏறும். வெண்ணெயில் வதக்கிப் போடுங்கள். எலுமிச்சை இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். தோலைத் துருவிப் போட்டால் ஈரம் இல்லாமலே மணம் கிடைக்கும்.

ஜூன் 15, காலை 8.20

25 பேருக்கு அளவு: கிரீம் சீஸ் 450 கிராம், சவர் கிரீம் (புளிக்கவைத்த கிரீம்) 120, மயோனைஸ் 60, சீஸ் துருவல் 200, பிழிந்த நண்டு 450, புரட்டி எடுத்த இறால் 300, சுண்டிய சாறு முழுவதும், மசாலா இரண்டு தேக்கரண்டி, வெங்காயத்தாள் ஒரு பிடி. நண்டைக் கடைசியில், கரண்டியால் மடித்து மடித்துக் கலக்க வேண்டும்.

இதை ஒரே தட்டில் போடாதீர்கள். இரண்டு சின்னத் தட்டு, நாலு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் வேண்டாம். ஒன்று மேசைக்குப் போகும்போது இன்னொன்று ஃப்ரிட்ஜில் இருக்கட்டும், முதல் தட்டு பாதி ஆனதும் ஓவனுக்குள் வையுங்கள். அண்ணன் வீட்டில் நான் இதைச் செய்திருந்தால் அந்தக் குளம் அவ்வளவு பெரிதாகியிருக்காது. இரண்டாவது தட்டு சூடாக வரும்போது, பேசிக்கொண்டிருப்பவர்கள் எல்லாம் திரும்பி மேசைப் பக்கம் வருவார்கள் பாருங்கள், அதைப் பார்க்கவே இரண்டு தட்டு வைக்கலாம்.

ஜூன் 15, இரவு 9.10

“எத்தனை நேரம் மேசையில் இருக்கலாம்?” 60 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு இரண்டு மணி நேரம்தான். கொளுத்தும் வெயிலில், 32 டிகிரிக்கு மேல் என்றால், ஒரு மணி நேரம். கடல் உணவும் பால்பொருளும் சேர்ந்தது, இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது. சின்னத் தட்டு அதற்கும் நல்லது, நேரம் முடிவதற்குள் தீர்ந்துவிடும்.

ஜூன் 17, இரவு 8.00

முந்தின நாள் வேலை, சொன்னபடி எழுதுகிறேன். 19-ஆம் தேதி இரவு இறாலைப் புரட்டிச் சாறு சுண்டவைத்து, எல்லாம் நன்றாக ஆறிய பிறகு கலந்து, தட்டில் பரப்பி மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மேலே தூவும் சீஸ் தனியாக.

கொஞ்சம் பொறுங்கள், இறால் பாதி வெந்தது. அதை ராத்திரி முழுக்க வைக்கச் சொல்வது எனக்கே ஒப்பவில்லை. முந்தின நாளே கலப்பதாக இருந்தால் இறாலை நடுவரை வெள்ளையாக மாறும்வரை முழுதாக வேகவிடுங்கள், இன்னொரு அரை நிமிடம், அவ்வளவுதான். லேசாக இறுகும். அதனால் துண்டுகளைச் சிறிதாக நறுக்கிக்கொள்ளுங்கள், பல்லுக்குத் தெரியாது. 6-ஆம் தேதி எழுதிய முறை அன்றைக்கே செய்பவர்களுக்கு.

கண்ணாடித் தட்டை ஃப்ரிட்ஜிலிருந்து நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விடும். அரை மணி நேரம் வெளியே வைத்துப் பிறகு வையுங்கள். முதல் 15 நிமிடம் அலுமினியத் தாளால் மூடி, பிறகு திறந்து, மொத்தம் 35 நிமிடம் ஆகலாம். தெர்மோமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி.

அப்படியும் எண்ணெய் பிரிந்தால் பதறாதீர்கள். மேலே தெரிவதைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான பாலை ஊற்றி ஓரத்திலிருந்து கலக்குங்கள். பெரும்பாலும் கூடிவிடும்.

ஜூன் 20, காலை 6.30

இன்றைக்குத்தானே? ரொட்டித் துண்டுகளை ஓவனில் மொறுமொறுப்பாக வாட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய சிப்ஸ் உடைந்து உள்ளேயே தங்கிவிடும்.

ஜூன் 21, மாலை 4.40

உங்கள் செய்தியைப் படித்தேன், படத்தையும் பார்த்தேன். ஓரத்தில் அந்தப் பழுப்புக் கோடு சரியான பதம். முதல் தட்டு 40 நிமிடத்தில் காலி என்பதைவிட, விருந்தினரில் ஒருவர் பக்கத்தில் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு நிம்மதி.

இரண்டாவது தட்டில் மீந்ததைப் பற்றி: ஒன்றரை மணி நேரத்தில் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது என்றால் மூன்று நாள் தாங்கும். மூடி வைத்து 160 டிகிரியில் சூடாக்குங்கள், நடுவில் 74 வரட்டும். மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து எண்ணெய் விடும்.

அடியில் தண்ணீர் நின்றதா என்று நீங்கள் எழுதவே இல்லையே?

ஜூன் 21, மாலை 5.15 (கேட்டவர்)

மறந்தே போய்விட்டது அக்கா. கழுவும்போது பார்த்தேன். தட்டு காய்ந்து இருந்தது.